குழந்தைகளுக்குச் சளி சிரப்: 2 வயதா, 4 வயதா, 5 வயதா? விதிகள் சொல்வது என்ன

சின்னக் குழந்தைக்குச் சளி சிரப் கொடுக்கலாமா என்று கேட்டால் இப்போது மூன்று பதில்கள் வருகின்றன. 2 வயதுக்குள் கூடவே கூடாது என்கிறது ஒன்று. 4 வயதுக்குள் கூடாது என்று சில பாட்டில்களில் அச்சாகியிருக்கிறது. 5 வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்கிறது இன்னொன்று. மூன்றுமே மத்திய அரசிடமிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல. எது எந்த மருந்தைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

4 வயது என்பது லேபிள் விதி. குளோர்பெனிரமின் மாலியேட், பினைல்எஃப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த கலவைக்கு உரியது. முதலாவது மூக்கு ஒழுகலைக் குறைக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும். இரண்டாவது ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படுவது. இந்தக் கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் எழுத வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் அதுவே அரசிதழில் வெளியானது. ஆகவே இது தயாரிப்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பாட்டிலில் அந்த வரி இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். மருந்துப் பெயர்கள் இரண்டும் லேபிளில் இருந்தால் விதி அதற்கும் பொருந்தும்.

2, 5 ஆகிய வயதுகள் 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில் வருபவை. இது ஒரு குறிப்பிட்ட கலவையோடு நிற்பதல்ல, சளி, இருமல் மருந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை, அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மருத்துவர் பரிசோதித்த பிறகு, சரியான அளவில், குறைந்த நாட்களுக்கு, பல மருந்துகளைக் கலக்காமல் என்பது அதன் சாரம். இது அறிவுரைதான், தடைச் சட்டம் அல்ல. அதனால் கடைகளில் இந்த மருந்துகள் இன்னும் இருக்கும். கடையில் கிடைப்பதாலேயே குழந்தைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

இந்தியா மட்டும் திடீரென்று மாறவில்லை. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இவை வேண்டாம் என்று அமெரிக்க அரசு 2008-லேயே எச்சரித்தது. அங்குள்ள நிறுவனங்கள் தாமாகவே லேபிளில் 4 வயது என்று போட்டன. பிரிட்டன் 2009-ல் 6 வயது என்று வைத்தது. காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: சின்னக் குழந்தைகளிடம் இந்த மருந்துகள் இருமலையோ சளியையோ குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. அளவு கூடினால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, மூச்சுத் திணறல் வரை போகும்.

இரண்டு ஆபத்துகள், இரண்டு கேள்விகள்

பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் பலர் குடித்தது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் சிரப். அதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6% இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1%. இது சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே தோன்றும் தொழிற்சாலை ரசாயனம். இனிப்பாக இருக்கும், விலை குறைவு. மூலப்பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் நேரே பாட்டிலுக்குள் வந்துவிடும். பார்த்தோ முகர்ந்தோ சுவைத்தோ வீட்டில் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்தப் பிராண்டுதானே தடை, வேறு கம்பெனி மருந்து கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். பிராண்டையும் பேட்சையும் தடை செய்வது மருந்தில் நஞ்சு கலந்த குற்றத்துக்கு. வயது வரம்போ மருந்து சுத்தமாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் பொருந்தும். மருந்து சுத்தமா, இந்தக் குழந்தைக்கு இது தேவையா என்று இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கே பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

காய்ச்சலும் இருந்தால்

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம், ஆனால் அதிகத் தவறுகள் நடப்பதும் இதில்தான். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை உச்ச அளவு 150 மில்லிகிராம். டிராப்ஸில் மில்லிக்கு 100 மில்லிகிராம் இருந்தால் அது 1.5 மில்லி. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லி. 5 மில்லிக்கு 250 உள்ளதில் 3 மில்லி மட்டும். 5 மில்லிக்கு 125 உள்ள சிரப்புக்கான 6 மில்லியை டிராப்ஸில் ஊற்றினால் ஒரே வேளையில் நான்கு மடங்கு போய்விடும். ஆகவே எத்தனை மில்லி என்பதோடு எந்தப் பாட்டில் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். பல சளி சிரப்புகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அதோடு காய்ச்சல் மருந்தையும் கொடுத்தால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைதான்.

சளிக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால் அல்லது நீராகாரம் போதும். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பதும் தவறு, பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். கற்பூரம் வாயில் போனால் வலிப்பு வரும், தோல் வழியாகவும் உடலில் ஏறும், கைக்குழந்தைக்கு வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டிய காயங்களோடு வரும் குழந்தைகளும் உண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு (2 மாதம் முதல் ஒரு வயது வரை), 40 அல்லது அதற்கு மேல் (1 முதல் 5 வயது), மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, பால் குடிக்காமை, வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு. சிரப் குடித்த பிறகு தொடர்ந்து வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைவது அல்லது நின்றுபோவது இருந்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 108-ஐ அழைக்கலாம்.

கடையிலும் அதற்குப் பிறகும்

பில் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். எந்தப் பேட்ச்சைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று அறிவிப்பு வரும்போது ஒப்பிட அது ஒன்றுதான் வழி. பக்கவிளைவு சந்தேகம் இருந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே புகார் பதியலாம், மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் உண்டு: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெற யாருக்கும் உரிமை இருக்கிறது. விண்ணப்பம் படிவம் 14-ஏ. பாதி குடித்த பாட்டிலைக் கோபத்தில் கொட்டிவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. மூடியை இறுக்கி, பில்லோடும் அட்டைப்பெட்டியோடும் சேர்த்து, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தை அணுகுங்கள்.