கன்னத்துக் கரும்புள்ளியை அழித்துவிடாதீர்கள்

பழைய போட்டோக்களைச் சரிசெய்து தருவது என் தொழில். இப்போதெல்லாம் வருகிறவர்களில் பலர், போனில் ஏற்கெனவே ஒருமுறை 'சரிசெய்த' படத்தோடுதான் வருகிறார்கள். பெரும்பாலும் குழந்தைப் படங்கள். செயலி குழந்தையைச் சிரிக்க வைத்திருக்கும், கலர் கொடுத்திருக்கும், கன்னத்தில் இருந்த கரும்புள்ளியைக் கறை என்று எண்ணித் துடைத்திருக்கும். அது கறை அல்ல, திருஷ்டிப் பொட்டு. இத்தனை அலங்காரம் செய்து கேமரா முன்னால் உட்கார வைக்கிறோமே, கண்பட்டுவிடுமோ என்று பயந்து, ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் கொஞ்சம் பெரிதாகவே வைத்து அனுப்புவார்கள். அந்தப் பயமும் பிரியமும் படத்தில் பதிந்திருக்கும் இடத்தைத்தான் நாம் முதலில் அழிக்கிறோம்.

படத்தின் ஓரத்தையும் பாருங்கள். குழந்தையின் முதுகுக்குப் பின்னாலோ இடுப்பிலோ வளையல் போட்ட ஒரு கை தெரியும். குழந்தை சாயாமல் பிடித்துக்கொண்டு, தான் படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றவரின் கை. இதையும் செயலி 'தேவையற்றது' என்று நீக்கிவிடுகிறது. சில குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் படம் என்று மிஞ்சியிருப்பது அந்தக் கை மட்டும்தான்.

பூ ஜடை, பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டியோடு நிற்கும் குழந்தை பெண்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போடுவதற்கு முன், வளர்ந்த முடியைப் பின்னிப் பூ தைத்து, ஆண் குழந்தையைப் பெண்ணாக அலங்கரித்துப் படம் எடுப்பது நம் பக்கம் சாதாரண வழக்கம். ஜடை தெரிய வேண்டும் என்று பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைப்பார்கள். என்னிடம் வந்த ஒரு படத்தை அந்த வீட்டில் அத்தைப்பாட்டி என்றே சொல்லி வந்தார்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், அட்டையின் பின்புறம் பென்சிலில் தாத்தாவின் பெயர். மேல்நாட்டிலும் சின்னப் பையன்களுக்குக் கவுன்தான் போட்டார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884-இல் நீண்ட முடியும் கவுனுமாக உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது.

"குழந்தை ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறது?" என்று கேட்பார்கள். சோகம் பெரும்பாலும் குழந்தையுடையது அல்ல. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் "அசையாதே" என்கிறார், சுற்றிலும் கண்கூசும் வெளிச்சம். எந்தக் குழந்தைதான் சிரிக்கும்? பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நிறம் பதியாது. அரக்குப் பாவாடை கறுப்பாக விழும், குங்குமமும் அப்படித்தான், வெளிர்நீலச் சட்டை வெள்ளையாகிவிடும். கல்யாணக் களையோடு உடுத்திய உடை துக்க உடை மாதிரி தெரிவது இதனால்தான். செயலி அந்தக் கறுப்பை அப்படியே நம்பிக் கலர் போடுகிறது.

இணையத்தில் இன்னொன்று சுற்றுகிறது: காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிந்தால் அது இறந்த குழந்தையாம். தவறு. பிலிமுக்கு முந்தைய போட்டோத் தட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் ஆன காலத்தில், உயிரோடு இருப்பவர்களின் தலை ஆடாமல் இருக்க வைத்தது அந்தத் தாங்கி. ஓர் உடலை நிறுத்தும் பலம் அதற்குக் கிடையாது. இறந்தவர்களைப் படம் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது உண்மைதான், ஆனால் அதை யாரும் மறைக்கவில்லை. மாலை, நெற்றிக் காசு, தாடையைச் சுற்றிய துணிக்கட்டு என்று எல்லாம் வெளிப்படையாகவே தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ-யில் (ஸ்கேனரில் தேர்ந்தெடுக்கும் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையை வைத்தே ஊரையும் ஏறத்தாழ காலத்தையும் சொல்லிவிடலாம். கலர் போடும் ஆசை எல்லாம் நகலில் மட்டும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள், உருவம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். லேமினேஷனும் வேண்டாம், அதற்குப் பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் படத்தை அவர்கள் கையில் கொடுத்து, பாவாடை என்ன நிறம், அந்தக் கை யாருடையது, எந்தக் கோயிலுக்குப் போகும் முன் எடுத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனாவால் படத்தின் பின்னால் எழுத வேண்டாம், அது முன்பக்கம் அழுந்தித் தெரியும். படத்தை வைக்கும் உறையில் பென்சிலால் எழுதினால் போதும்.