'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று வரும் சீட்டுகள்

பள்ளிகளுக்குப் போய் உடல்நல வகுப்பு எடுக்கும் மருத்துவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அனுமதிச் சீட்டில் 'என் மகளுக்கு இந்த வகுப்பு வேண்டாம்' என்று எழுதி வந்தால், 'இந்தக் காலத்திலும் இப்படியா' என்று முணுமுணுத்துவிட்டு, சீட்டைக் கட்டின் அடியில் செருகிவிடுவோம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். இந்தத் துறையின் பழைய வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சீட்டுகளை எடுத்து மேலே வைக்கத் தொடங்கினேன்.

1906 ஜூன் மாதம், நியூயார்க்கின் கிழக்குப் பகுதி. புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மருத்துவர்கள் வந்து, மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையைப் பல பிள்ளைகளுக்கு அகற்றினார்கள். வாயில் ரத்தத்தோடு பிள்ளை வீடு திரும்பினால் தாய் என்ன நினைப்பாள்? டாக்டர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. தாய்மார்கள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள், ஜன்னல்கள் நொறுங்கின. பத்திரிகைகள் இதை அறியாமை என்று எழுதின. அறியாமைதான், ஆனால் அந்தப் பெண்களின் மொழியில், அவர்களுக்குப் புரியும்படி, யார் உட்கார்ந்து விளக்கினார்கள்?

அதே ஊரில் நாலு வருஷம் முன்பு இதற்கு நேர்மாறான ஒன்று நடந்திருந்தது. அப்போது பள்ளி மருத்துவர்கள் கண்நோய், பேன், சொறி உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து, கையில் ஒரு அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அட்டையில் இருப்பது பெற்றோருக்குப் புரியாது. பிள்ளை சிகிச்சையும் இல்லாமல், படிப்பும் இல்லாமல் தெருவில் விளையாடும். 1902-ல் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரைச் சோதனை முறையில் நியமித்தார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீட்டுக்கும் போய்த் தாயிடம் எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டினார். நோயால் பள்ளிக்கு வராமல் போகிற பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது.

மக்கள் எல்லாப் பாடத்தையும் எதிர்த்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மது தீங்கு என்ற பாடத்துக்கு அமெரிக்காவில் அமோக ஆதரவு. மேரி ஹன்ட் தலைமையில் பெண்கள் இயக்கம் நடத்த, 1882-ல் வெர்மான்ட் மாநிலம் இந்தப் பாடத்தைப் பள்ளிகளில் நடத்தச் சொல்லி முதலில் சட்டம் போட்டது. இருபது வருஷத்துக்குள் எல்லா மாநிலங்களும் போட்டுவிட்டன. ஆனால் பாடப்புத்தகங்களில் மிகைப்படுத்தல் ஏராளம். அறிஞர் குழு ஒன்று 1903-ல் இதைக் கடுமையாக விமர்சித்தது. எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: பயமுறுத்தும் பாடம் பொய் கலந்திருந்தாலும் பலருக்கு உறுத்தவில்லை. உடலைப் பற்றிய நிஜம்தான் உறுத்தியது.

1913-ல் சிகாகோ பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த எல்லா ஃபிளாக் யங் என்ற பெண்மணி, உயர்நிலை மாணவர்களுக்குப் பாலியல் சுகாதாரச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்தார். எதிர்ப்பு கிளம்பியது. அச்சடித்த சொற்பொழிவுகளை ஆபாசம் என்று சொல்லி அஞ்சலில் அனுப்பவே மறுத்தார்கள். அடுத்த வருஷம் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்வீடன் 1955-ல் பாலியல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டது. மற்ற பல நாடுகளில் சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பூப்பெய்துதல் பற்றிய ஒரு வகுப்புக்கு முன் 'வேண்டாம்' என்று எழுதிய ஒரு தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். வந்தார், உட்காரவில்லை. "படமெல்லாம் போட்டுக் காட்டுவீங்களாமே டாக்டர்?" என்றார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கர்ப்பப்பை படம் வந்ததும், "இது எந்தப் பக்கம் இருக்கு, வலமா இடமா?" என்று கேட்டார். "நடுவுலம்மா" என்றேன். கடைசிப் படம் முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை எனக்கும் அனுப்பி வைங்க. அவ வீட்டுல வந்து கேட்டா, நீங்க ஒண்ணு நான் ஒண்ணு சொல்லக் கூடாதில்ல?" என்றார்.

அந்த வருஷம் அவர் மகள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வருஷம் வந்தாள். இப்போது அனுமதிச் சீட்டு போவதற்கு ஒரு வாரம் முன்பே படங்கள் வீட்டுக்குப் போய்விடுகின்றன. 'வேண்டாம்' என்று இப்போதும் இரண்டு மூன்று வரும். அந்த எண்களுக்கு நானே போன் செய்கிறேன்.