ஆயர் இலச்சினையில் அந்தக் கோடுகள் எதற்கு?

கறுப்பு மையில் அச்சான பழைய கத்தோலிக்க ஆயர் (பிஷப்) இலச்சினைகளில் நெருக்கமாகக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கின்றனவே, அவை அலங்காரமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவை நிறங்கள்!

இலச்சினையின் அமைப்பு எளிது. நடுவில் கேடயம், பின்னால் சிலுவை, மேலே அகன்ற விளிம்புள்ள தொப்பி, இருபுறமும் குஞ்சங்கள், அடியில் விருதுவாக்கு. ஆயருக்குப் பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சங்கள். பேராயருக்கும் பச்சைதான், குஞ்சங்கள் 10, சிலுவைக்கு இரட்டைக் குறுக்குச் சட்டம். கர்தினாலுக்குச் சிவப்பு, 15. இந்த எண்களில் மறைபொருள் தேடி மெனக்கெடுபவர்கள் உண்டு. வீண் வேலை, அவை பதவியின் படிநிலையைத்தான் காட்டுகின்றன.

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த காலத்தில் மை ஒன்றே. நிறத்தைத் தெரிவிக்க அதன் பெயரின் முதலெழுத்தைக் கேடயத்துக்குள் பொறித்தார்கள். மொழி மாறினால் எழுத்தும் மாறிவிடும். ரோமில் 1638-இல் வெளியான தம் நூலில் இயேசு சபைக் குரு சில்வெஸ்த்ரோ பியெத்ரா சாந்தா கோடுகளைக் கையாண்டார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. நிலைத்தது அவர் முறை. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் பின்னினால் கறுப்பு. புள்ளி பொன், வெற்றிடம் வெள்ளி. பார்ப்பவரின் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறமாகக் கீழே சரிந்தால் பச்சை, எதிர்த்திசையில் சரிந்தால் ஊதா.

என்ன அழகான ஏற்பாடு! கோட்டின் தடிமனும் நெருக்கமும் எப்படி இருந்தாலும் கவலையில்லை. செய்தி முழுவதும் திசையில் இருக்கிறது. மை மங்கட்டும், படம் பெரிதாகட்டும் சிறிதாகட்டும், செங்குத்து செங்குத்தாகவே நிற்கும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் கேடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலப் பரப்பு, நடுவிலிருந்து இடப்புறம் விலகிய பொற்சிலுவை, வலப்புறம் கீழே அன்னை மரியாவைக் குறிக்கும் 'எம்' எழுத்து. ஒற்றை மையில் வரைந்தால் பரப்பெங்கும் கிடைக்கோடு ஓடும். சிலுவையிலும் எழுத்திலும் புள்ளிகள் நிரம்பும். பார்த்தவுடன் நீலமும் பொன்னும் விளங்கிவிடும்.

இலச்சினைக் கலையின் இன்னொரு விதியும் அந்தக் கேடயத்தில் இருக்கிறது. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், மற்றவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வரக்கூடாது. காரணம் நம் கண்ணில் இருக்கிறது. நுண்ணிய விளிம்புகளைப் பிரித்தறிய அது நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாட்டையே பெரிதும் நம்புகிறது. அடர்நீலத்தில் சிவப்புச் சிலுவை தூரத்தில் கரைந்துபோகும், பொற்சிலுவை துலங்கும்.

இப்போது கணினியில் வரைபவர்கள் சிலர் கேடயத்துக்குள் ஒளிப்படத்தையும் குழைந்து மாறும் வண்ணங்களையும் திணிக்கிறார்கள். ரப்பர் முத்திரையில் அது கரித்திட்டாகிவிடுகிறது. இலச்சினைக்கு ஒப்புதல் தருமுன் மறைமாவட்ட அலுவலகங்கள் அதை ஒற்றை மையில், கட்டைவிரல் நக அளவில் ஒருமுறை அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.