காற்றைக் குடித்துக் கல்லாகும் சுவர்

வண்ணங்களைத் தரப்படுத்தும் பேண்டோன் நிறுவனம் 2025க்கு ‘மோக்கா மூஸ்’ என்ற பழுப்பையும், 2026க்கு ‘கிளவுட் டான்சர்’ என்ற வெண்மையையும் ஆண்டின் வண்ணங்களாக அறிவித்தது. மண்ணின் நிறமும் கண்ணைக் கூசாத வெள்ளையும் சேரும் இந்தப் போக்கில், சிங்கப்பூரில் முன்பதிவின்பேரில் அரசு கட்டித்தரும் பிடிஓ வீடுகளுக்குள் நுழைந்திருப்பது லைம்வாஷ் சுவர். பளபளப்பு இல்லை, ஒரே சீரான நிறமும் இல்லை. பிரஷ் போன தடம் தெரிய, வெளிறியும் அடர்ந்தும் திட்டுத்திட்டாக நிற்கும் பரப்பு. இதை ஏதோ மத்தியதரைக்கடல் நாட்டு நேர்த்தி என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. பொங்கலுக்கு முன் ஊரில் வீடு வீடாக அடித்த அதே சுண்ணாம்புதான் இது.

சிங்கப்பூருக்கும் இது புதிதல்ல. சிராங்கூன் சாலையில் முன்பு சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்குள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பழைய தலைமுறை அழைத்தது (கம்பம் என்றால் மலாயில் கிராமம்). 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் பூசப்பட்டது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து அடித்துப் பூசி, காய்ந்ததும் உருண்டைக் கற்களால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். யார் பெயரும் எஞ்சாத அந்தக் கைகளின் வேலை, இன்றைய வடிவமைப்புக் கடைகளின் விளம்பரப் படங்கள் எதற்கும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

சாதாரண எமல்ஷன் பெயிண்ட் சுவரில் ஒட்டும் விதம் எளிமையானது. தண்ணீர் ஆவியாகிறது, அதில் மிதந்த அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக் படலமாகின்றன. சுண்ணாம்பு அப்படிக் காய்வதில்லை. அது காற்றோடு வினைபுரிந்து இறுகுகிறது. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். சுமார் 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதுவேதான். சுவரில் பூசிய பிறகு இந்த நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சூளையில் கல் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. (சூளைக்கு எரித்த விறகும் நிலக்கரியும் விட்ட புகை திரும்பி வராது. ஆகவே லைம்வாஷ் பூமியைக் காப்பாற்றும் என்கிற விளம்பர வாசகத்தைப் பாதியளவே நம்பலாம்.)

இந்த வினைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு முழுதாகக் கல்லாவதற்கு ஏறத்தாழ 590 கிராம் கரியமில வாயு தேவை. 12 சதுர மீட்டர் பரப்பும் 2.6 மீட்டர் உயரமும் கொண்ட படுக்கையறையில் சுமார் 31 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு. எடை போட்டால் 23 கிராம்தான் தேறும்! அதாவது அறைக் காற்று கிட்டத்தட்ட 25 முறை மாறினால்தான் அந்த ஒரு கிலோவுக்குப் போதும். சன்னலைச் சாத்திவிட்டு, தூசி வரக்கூடாதென்று கதவிடுக்கில் துணி செருகுகிறவர்கள் சுவரைப் பட்டினி போடுகிறார்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். நம் மூச்சும் அதற்கு உணவுதான்.

காற்று மட்டும் இருந்தால் போதாது, ஈரமும் வேண்டும். கரியமில வாயு முதலில் நீரில் கரைந்த பிறகே சுண்ணாம்போடு சேரும். எலும்பாய் உலர்ந்த சுவரில் வினை நின்றுவிடும். விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். நுண்துளைகள் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் காற்றில் பரவுவதைவிட நீரில் அந்த வாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலைதான் உகந்தது. இங்கேதான் சிங்கப்பூர்க்காரர்களின் அச்சம் தலைகீழாகிறது. ‘இந்த ஊர் ஈரத்துக்குச் சுண்ணாம்பு தாங்காது’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும் ஊர் இது. சுண்ணாம்பு இறுகுவதற்கு இதைவிட நல்ல தட்பவெப்பம் கேட்க முடியாது. பூசிய அறையில் அன்றே குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் முழு வேகத்தில் ஓட விடுவதுதான் கெடுதல். சுவரில் முதலில் நீர் தெளித்து, மெல்லிய பூச்சாகப் பூசி, அது வெளுத்த பின் அடுத்ததைப் பூச வேண்டும். ஒரேயடியாகத் தடித்துப் பூசினால் உள்ளே வாயு எட்டாது. மேலே வெடிப்பும் விழும்.

பூசும்போது அருகில் நின்று பார்க்க வேண்டும். பிரஷை குறுக்கும் நெடுக்குமாக இழுத்ததும் சுவரில் தெரிவது சாம்பல் நிறக் கலங்கல் மட்டுமே. அடியிலிருக்கும் பட்டித் தடங்கள்கூட அதனூடே தெரியும். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். பிறகு ஓரங்களிலிருந்து வெண்மை கிளம்பி நடுவை நோக்கி நகரும். காரணம் ஒளியியல். கால்சியம் கார்பனேட்டின் முக்கியப் படிகமான கால்சைட்டின் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) ஒளியின் திசையைப் பொறுத்து 1.49 முதல் 1.66 வரை, நீரின் எண் 1.33; காற்றுக்கு 1. துகள்களுக்கு நடுவே நீர் இருக்கும்போது எண்களின் இடைவெளி குறைவு. ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவிப் போகிறது. நீர் போய்க் காற்று புகுந்ததும் இடைவெளி பெருகி, ஒவ்வொரு துகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. பிரஷ் தடித்த இடத்தில் படிவு அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. அந்தத் திட்டுகளின் ரகசியம் இவ்வளவுதான். ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மாதிரியைச் சுவரிலேயே பூசி, நன்றாக உலர்ந்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

லைம்வாஷ் வண்ணங்கள் ஏன் எப்போதும் காவி, மஞ்சள்மண், பழுப்பு என்றே இருக்கின்றன? ரசனை ஒரு காரணம், வேதியியல் இன்னொன்று. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் அளவில் 12.4 வரை போகும் (7 என்றால் நடுநிலை). பல கரிமச் சாயங்கள் அதில் சிதைந்து வெளுத்துவிடும். இரும்பு ஆக்சைடு போன்ற தாதுநிறமிகள் அசையாமல் நிற்கும். செம்மண்ணுக்கும் காவிக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான்.

அதே காரத்தன்மை நம் சமையலறைக்கு வேறொரு வேடிக்கை காட்டும். ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதல்லவா? மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதால் வரும் சிவப்பு அது. இன்னும் இறுகாத சுவரில் மஞ்சள்தூள் பட்ட கை பட்டால் அங்கேயும் செங்கறை படியும். இறுகிய பிறகு சிவப்பு வராது. ஆனால் மஞ்சளும் எண்ணெயும் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் தேய்த்தால் அமிலம் பூச்சையே அரிக்கும். சாம்பார் கொதிக்கும், மீன் பொரியும் அடுப்பின் பின்சுவருக்கு லைம்வாஷ் வேண்டவே வேண்டாம். அங்கே ஓடுதான் பொருத்தம்.

‘சுண்ணாம்புச் சுவரில் பூஞ்சை பிடிக்காது’ என்பது பாதி உண்மை. பிஎச் 12இல் பூஞ்சை வளர முடியாது. ஆனால் கல்லாக மாறி முடிந்ததும் காரத்தன்மை 9 வாக்கில் இறங்கிவிடுகிறது; அந்தக் கவசம் கழன்றுபோகிறது. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். இங்கே 27 டிகிரி வெப்பமும் 84 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. இரவெல்லாம் 22 டிகிரிக்குக் குளிரூட்டிய அறையின் சன்னலைக் காலையில் திறந்தால் சில்லிட்ட சுவரில் ஈரம் படியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான லைம்வாஷ் அதை உறிஞ்சித் தீர்த்துவிடாது. காற்றோட்டமும், குளிரூட்டியைக் கொஞ்சம் கூடுதல் வெப்பநிலையில் வைப்பதும்தான் பயன் தரும்.

பணம் கொடுக்கும் முன் சுவரைச் சோதியுங்கள். ஒரு கை நீரை அதன்மேல் தெளியுங்கள். நிறம் அடர்ந்து நீர் உள்ளே போனால் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் அடியில் எமல்ஷன் படலம் இருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்ட வேண்டும், அல்லது சுண்ணாம்பு ஒட்டுவதற்கென்று விற்கும் அடிப்பூச்சு பூச வேண்டும். கடையில் லைம்வாஷ் என்ற பெயரில் கிடைப்பவற்றுள் சில உண்மையில் அக்ரிலிக் பெயிண்டாகவே இருக்கும். டப்பாவின் பின்னால் என்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். உண்மைச் சுண்ணாம்பென்றால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள், கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து. மிச்சத்தைக் கொட்டவும் வேண்டாம். மேலே ஒரு விரல் நீர் நிற்கும்படி ஊற்றி இறுக மூடினால் காற்று படாது, இறுகாது, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கறை விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டு தனியாகத் தெரியும் என்பதால், மூலை முதல் மூலை வரை அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரு பூச்சு பூசுங்கள்.