அபராதம் வருவதற்குள் போட்டியே முடிந்துவிடுகிறது

செயலி உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வழக்கறிஞர் தொழிலில் பெரும்பகுதி. ஆப்பிள், கூகுள் நடத்தும் செயலிக் கடைகளின் ஒப்பந்தம் என்றால், செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கடை எடுத்துக்கொள்ளும் கமிஷனைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நூற்றுக்கு முப்பது வரை என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது வேறொரு நிபந்தனை. ‘இதே சந்தா எங்கள் இணையதளத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்’ என்று செயலிக்குள் வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்பது அது. விலை அதிகம் என்று தெரிந்தால் வேறிடம் தேடுவார்கள். வேறிடம் இருப்பதே தெரியாவிட்டால் எங்கே போவார்கள்?

“இதற்கு ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாதா?” என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். முடியாது. உலகின் ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய அனைத்தும் கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ் என்ற இரண்டே இயங்குதளங்களில் ஓடுகின்றன. பேரம் பேசுவதற்கு எதிரே ஆள் கிடையாது.

இந்த நிபந்தனைக்கு எதிராகவும் சேர்த்துத்தான் ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020இல் ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தது. 2021இல் அமெரிக்க நீதிமன்றம் எபிக்கின் பெரும்பாலான வாதங்களை ஏற்கவில்லை. இந்தத் தடையை மட்டும் நீக்கச் சொன்னது. மேல்முறையீடுகள் ஓய்ந்து அது நடைமுறைக்கு வந்தபோது 2024 ஜனவரி. வெளி இணைப்பு வைத்துக்கொள்ள அனுமதித்த கையோடு, அந்த வழியாக நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் வரை கமிஷன் கேட்டது ஆப்பிள். பணம் வசூலிக்க ஆகும் செலவையும் கூட்டிப் பாருங்கள், வெளியே போய் விற்பவருக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. வேண்டுமென்றே உத்தரவை மீறிய செயல் இது என்று அதே நீதிபதி 2025 ஏப்ரலில் கூறினார். எபிக் பெரிய நிறுவனம், இத்தனை ஆண்டுகள் தாங்கியது. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஐந்து மாதம் வருமானம் நின்றாலே கடையை மூட வேண்டியதுதான்.

காலதாமதம்தான் இதில் பெரிய அநியாயம். பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தன் ஷாப்பிங் சேவையைத் தேடல் முடிவுகளில் முன்னே தள்ளியதாக கூகுள் மீது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது 2010இல். 242 கோடி யூரோ அபராதம் விதித்தது 2017இல். அது இறுதியாக உறுதியானது 2024 செப்டம்பரில். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்ட விலை ஒப்பீட்டுத் தளங்களுக்கு அந்த அபராதத்தால் என்ன மீளும்?

அதனால்தான் தவறு நடந்தபின் தண்டிக்கும் பழைய முறையை மட்டும் நம்பக் கூடாது, முன்கூட்டியே விதி வகுக்க வேண்டும் என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் அந்த வகை. மாதம் 4.5 கோடிப் பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள் என்பன போன்ற அளவுகளைத் தாண்டிய தளங்களுக்கு, வழக்குக்குக் காத்திராமலே கடமைகள் வந்துவிடுகின்றன. தன் பொருளைத் தரவரிசையில் தூக்கிப்பிடிக்கக் கூடாது. தன் தளத்தில் விற்பவரின் தரவை எடுத்து அவருக்கே போட்டியாக இறங்கக் கூடாது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும் மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் விதித்தார்கள். கட்டுப்பாடு வந்தால் பாதுகாப்பு குறையும் என்று நிறுவனங்கள் சொல்வதில் சில இடங்களில் நியாயம் உண்டு. ஆனால் விலையை மறைப்பதில் என்ன பாதுகாப்பு?

இங்கும் அப்படியொரு சட்டம் வரும்வரை தொழில் செய்பவர்கள் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. வாடிக்கையாளரின் ஒப்புதலோடு அவர் மின்னஞ்சல் முகவரியை உங்களிடமே வைத்திருங்கள். கணக்கை முடக்கினால் எத்தனை நாளில் முறையிட வேண்டும், எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். செயலி நிராகரிக்கப்பட்டால் வந்த கடிதத்தைத் தேதியோடு சேமியுங்கள். சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது பெருநிறுவனங்கள் கட்டுக்கட்டாக அறிக்கை அனுப்புகின்றன. அந்தக் கடிதங்களை இணைத்து, நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி நீங்களும் அனுப்புங்கள்.