இன்ஜின் அப்புறம், முதலில் சேஸிஸ்

பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் ஒன்று கையில் கிடைத்தவுடன் பட்டறையில் கேட்கிற முதல் கேள்வி, "எந்த இன்ஜின் வைக்கலாம்ணே?" என்பதுதான். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். கழித்த வண்டியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் வாங்கிவிடலாம். அவற்றைத் தாங்கப் போகிற சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் மொத்தப் பணமும் துருவின் மேல்தான் நிற்கும்.

இங்கே துரு பிடிப்பதற்கு மழை தேவையில்லை. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதனால் கடல் காற்றில் வந்து படிந்த உப்புத்தூள், வாசலில் சும்மா நிற்கிற வண்டியின் அடியில்கூட ராத்திரி முழுக்க ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரானை விட்டுக் கரைகிறது, இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. ஒரே இரும்புத் தகட்டுக்குள் ஒரு குட்டி பேட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியையே இந்தத் துருதான் தளர வைத்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள்.

சேஸிஸில் பார்க்க வேண்டியது வெளியே தெரிகிற தட்டையான பரப்பை அல்ல, இரண்டு தகடுகள் சேர்கிற இடங்களை. ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கர் ரிவெட் அடித்து உட்காரும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, பின்பாடியின் போல்ட் இறங்கும் இடம். அந்த இடுக்கில் தண்ணீர் போகும், ஆக்சிஜன் எளிதில் போகாது. ஆக்சிஜன் குறைந்த உட்பக்கம் கரைகிற முனையாக மாறிவிடுகிறது, வெளிப்பரப்பு நல்லா இருப்பது போலவே தெரியும். இதில் இன்னொரு தொல்லை, துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பழைய மீன் வண்டிகளில் ஹேங்கர் தகடும் சேஸிஸும் நடுவில் உப்பிப் பிரிந்து, ரிவெட்டின் தலை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து வருடக்கணக்காக வடிந்த தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கியதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் மந்தமாகக் கேட்கும்.

துருவின் மேல் தகடு வைத்து ஒட்டு போடுவது இங்கே பரவலாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பழைய இரும்புக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் நீங்களே ஒரு புது இடுக்கை உண்டாக்குகிறீர்கள். கெட்ட பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து முழுசாக வெல்டிங் ஓட்ட வேண்டும். விட்டு விட்டுப் புள்ளி வைத்தால் அந்த இடைவெளிகளில் மறுபடியும் அதே கதை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் உப்பைக் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் போட்டால் துருதான் போகும், துருவின் நுண்குழிகளில் இருக்கும் குளோரைடு போகாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அடியில் இருக்கிற உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்பளம் கிளப்பும். கழுவுகிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு, அதனால் காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்துக்கொள்வது வீண்செலவு இல்லை.

சரி, சேஸிஸ் தேறிவிட்டது. இப்போது இன்ஜினுக்கு வரலாம்.

பழைய பெட்ரோல் ஜீப்பில் இருந்த வில்லிஸ் வழி இன்ஜின் 2199 சிசி, நிமிடத்துக்கு 4000 சுற்று வரை ஏறும். அதை எடுத்துவிட்டுக் கழித்த பொலிரோ பிக்கப்பின் 2523 சிசி டீசல் இன்ஜினை வைப்பது பழக்கமான ஏற்பாடு. டீசல் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும், ஆனால் 3000 சுற்றைத் தாண்டி அதை விரட்டுவதில் லாபமில்லை. இந்த ஒரு வித்தியாசம் வண்டியின் பின்கோடி வரை போய் வேலை செய்யும். 5.38 விகித கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் சுற்றைக் குறைக்கும் பல்சக்கர ஜோடி), சுமார் 2.29 மீட்டர் சுற்றளவுள்ள 6.00-16 டயர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். டாப் கியரில் கியர்பாக்ஸ் சுற்றை மாற்றாது, அதனால் இன்ஜின் சுற்றை 5.38ஆல் வகுத்தால் சக்கரத்தின் சுற்று. டாப் கியரில் பெட்ரோல் இன்ஜினின் 4000 சுற்றுக்கு மணிக்கு 102 கிலோமீட்டர் வரும். அதே ஆக்சிலோடு டீசலின் 3000 சுற்றுக்கு வெறும் 77தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70க்கு மேல் இன்ஜின் கத்துகிறது என்று குறை சொல்கிறவர்களின் வண்டியில் இன்ஜினில் கோளாறே இருக்காது, இந்த விகிதம்தான் பொருந்தாமல் இருக்கும். 0.8 விகிதமுள்ள ஐந்தாவது கியர் கிடைத்தால் 96 வரை போகும், அல்லது கிரவுன் பினியனை 4.27க்கு மாற்றினாலும் ஏறத்தாழ அதே வேகம். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முன், பின் இரண்டு ஆக்சிலையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நாலு சக்கரத்தையும் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஷாஃப்ட் முறியும்.

இன்ஜினை மட்டும் வாங்காமல் அதன் கியர்பாக்ஸையும் கழற்றாமல் சேர்த்தே வாங்குவதுதான் என் யோசனை. இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் நடுப்புள்ளியும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், சுமார் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பழைய கியர்பாக்ஸைப் புது இன்ஜினோடு சேர்க்க லேத்தில் ஒரு இடைத்தகடு கடைந்து போடுவார்கள். அதில் போல்ட் துளைகள் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், ஆனால் போல்ட் இறுக்க மட்டும்தான் செய்யும், மையத்தைப் பிடித்து வைப்பது டவல் பின் என்ற இறுக்கமான உருளை ஆணி. பின் இல்லாமல் பூட்டினால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் உரசும், கொஞ்ச மாதத்தில் இன்புட் பேரிங் சத்தம் போடும், கியர் தானாக நழுவும். நுண்ணிய விலகலை ஊசியில் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலில் கட்டி, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் விலகல் தெரிந்துவிடும். ஊசி காட்டுவது விலகலைப் போல இரண்டு மடங்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இடைத்தகடு அலுமினியமாக இருந்தால் இரும்போடு அது சேரும் முகத்தில் துத்தநாகப் பிரைமர் பூசுங்கள். உப்பு ஈரம் பட்டால் இந்த ஜோடியில் கரைவது அலுமினியம்தான்.

கியர்பாக்ஸின் நீளம் மாறினால் பின்னால் போகிற ஷாஃப்ட்டையும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அந்த ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மடங்கும் இணைப்பான யூ ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது சீரான வேகத்தைச் சீராக அனுப்பாது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் இது ஒன்றரை சதவீதம், 20 டிகிரியில் ஆறு சதவீதம். ஷாஃப்ட்டின் மறுமுனையில் அதே அளவு கோணத்தில் இன்னொரு ஜாயிண்ட் இருந்தால், முதல் ஜாயிண்ட் கெடுத்ததை அது சரிசெய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை: கியர்பாக்ஸின் சாய்வும் பினியனின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். லேத்தில் வெட்டி ஒட்டும்போது ஒரு முனை கொஞ்சம் திரும்பி ஒட்டிக்கொண்டால் அதிர்வு அடங்கவே அடங்காது. வெட்டுவதற்கு முன்பே குழாயின் நீளவாக்கில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. செம்பு ரேடியேட்டரும் வார்ப்பிரும்பு பிளாக்கும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன, அதில் உப்பும் சேர்ந்தால் அரிப்பு உள்ளேயே நடக்கும். வயரிங் பெரிய வேலை இல்லை. பழைய வகை பம்ப் உள்ள டீசலுக்கு ஸ்டார்ட்டர், சார்ஜிங், எரிபொருளை நிறுத்தும் சாலினாய்டு (மின்காந்த வால்வு) ஆகியவற்றுக்கு வயர் இழுத்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. கழித்த வண்டியின் பிரேக்கை அதன் ஆக்சிலோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் எடை கூடியிருக்கும்.

கழித்த வண்டியை வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும், பெட்ரோலிலிருந்து டீசலுக்குப் போவது இன்னும் சிக்கல். இன்ஜின் எண்ணுக்கான காகிதம் இல்லாத எதையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

முதல் ஓட்டத்தில் அதிர்வு வந்தால் பதற வேண்டியதில்லை. நிறுத்தி நியூட்ரலில் வைத்து அதே சுற்றுக்கு ஆக்சிலேட்டர் கொடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங், கிளட்ச் பக்கம் தேடலாம். நின்றால் அமைதி, ஓடும்போது வேகத்தோடு கூடுகிறது என்றால் ஷாஃப்ட், ஜாயிண்ட், சக்கரம். சுமை ஏற்றினால் மட்டும் வருகிறது என்றால், பட்டை ஸ்பிரிங் அமுங்கிப் பினியனின் சாய்வு மாறுகிறது. அதற்கு ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் சாய்வான ஆப்புத் தகடு வைத்து, லோடு ஏற்றிய நிலையில் கோணத்தை மறுபடி அளக்க வேண்டும்.