கஞ்சமலை எந்தக் கைப்பக்கம்?

போன மாதம் ஒரு சாயங்காலம் ஏற்காட்டில் லேடீஸ் சீட் அருகே நின்றுகொண்டிருந்தோம். கீழே சேலத்தில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியிருந்தது. அக்கா மகளுக்கு நான்கு வயது. வீட்டில் இருந்த என் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், "ஆயா, இதோ பாரு, எவ்ளோ லைட்டு!" என்று விரலை நீட்டினாள். அது வீடியோ கால் இல்லை, சாதாரண கால். "எங்கடா கண்ணு?" என்று அம்மா கேட்க, இன்னும் நன்றாக விரலை நீட்டி, "இதோ, இங்கதான்!" என்றாள்.

அவள் அண்ணனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு வேறு சந்தேகம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பார்த்து நின்றால் கஞ்சமலை இடது கைப்பக்கம் இருக்கும். மலைமேல் நின்று சேலத்தைப் பார்த்தால் அதே கஞ்சமலை வலது பக்கம். "மாமா, கஞ்சமலை ஏன் இந்தப் பக்கம் இருக்குது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனே சேலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தான். அரை நிமிடம் ஆகியிருக்கும். "மாடியில நாம இப்படித் திரும்பி நிக்கறோம், அதான்" என்றான்.

இந்த இரண்டு பேருக்கும் இடையே இருக்கும் ஐந்து ஆண்டுகளில் என்னதான் நடக்கிறது? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றிய பார்பெல் இன்ஹெல்டரும் கிட்டத்தட்ட இதே கேள்வியை ஒரு மேசைமேல் வைத்துக் கேட்டார்கள். மூன்று மலைகளின் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஒரு மலையின் உச்சியில் பனி, ஒன்றில் சிறு வீடு, இன்னொன்றில் சிலுவை. குழந்தை ஒரு பக்கம் உட்காரும், ஒரு பொம்மையை எதிர்ப்பக்கம் வைப்பார்கள். "பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும்? இந்தப் படங்களில் எது?" என்று கேட்பார்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பது, பத்து வயதில்தான் தயங்காமல் சரியான படத்தை எடுத்தார்கள். 1948இல் வெளியான இந்த ஆய்வு மிகவும் புகழ்பெற்றது.

ஆனால் சின்னக் குழந்தையால் அடுத்தவர் பார்வையை நினைக்கவே முடியாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1970களில் மார்ட்டின் ஹியூஸ் என்ற ஆய்வாளர் மலைகளை எடுத்துவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்களை வைத்தார். ஒரு போலீஸ் பொம்மையை நிறுத்தி, போலீஸுக்குத் தெரியாமல் இந்தப் பையனை ஒளித்து வை என்றார். மூன்றரை வயதுக் குழந்தைகள்கூடப் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக ஒளித்து வைத்தார்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தைக்கு ஒளிவது என்றால் என்ன என்று தெரியும். மேசைமேல் இருக்கும் பனிமலைக்கும் அதன் வாழ்க்கைக்கும்தான் சம்பந்தமில்லை. குழந்தைகளைப் பற்றி எழுதும்போது பியாஜேயைச் சொல்லிவிட்டு ஹியூஸை விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு டம்ளரில் ஒரே அளவு பால் ஊற்றுங்கள். இரண்டும் சமம்தானே என்று கேட்டுக்கொண்டு, ஒன்றை மட்டும் குழந்தையின் கண்முன்னே டபராவில் ஊற்றுங்கள். இப்போது எதில் பால் அதிகம்? நான்கு, ஐந்து வயதுக் குழந்தை டம்ளரைக் காட்டும், அதில்தான் பால் உயரமாக நிற்கிறது. ஏழு வயதை ஒட்டி, "டபரா அகலமா இருக்குது, ஆனா அதே பால்தானே" என்று பதில் வரும்.

உயரம், அகலம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருந்தால்தான் இந்தப் பதில் வரும். கூடவே, கண்ணுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் முதல் பதிலை அடக்கவும் வேண்டும். மனத்தில் பிடித்து வைப்பது, அடக்குவது, ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய மூன்றும் சேர்ந்த திறமை மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் வேகமாக வளர்கிறது. இதற்கு ஒரு சீட்டு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் சீட்டுகளை நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். அப்புறம், இனி நிறம் வேண்டாம், வடிவப்படி பிரி என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் விடாமல் நிறப்படியே பிரிப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், புதிய விதி என்ன என்று கேட்டால் வாயால் சரியாகச் சொல்வார்கள், ஆனால் கை பழைய இடத்துக்கே போகும். "சொன்னா தெரியுது, ஆனா செய்ய மாட்டேங்குது" என்று நாம் அடம் என்ற பெயரில் திட்டுவதில் எவ்வளவோ இந்த வகைதான். தெரிந்ததைக் கை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை அந்த வயதில் இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

பாதை என்று சும்மா சொல்லவில்லை. ஆறு வயதிலேயே மூளையின் அளவு பெரியவர்களுடையதில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் நடப்பது பெரும்பாலும் உள்வேலை. ஒன்றிரண்டு வயதில் மூளையின் முன்பகுதியில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள், பெரியவர்களிடம் இருப்பதைவிட ஏறத்தாழ பாதி மடங்கு கூடுதலான அடர்த்தியில் இருக்கின்றன. குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979இல் இதைக் காட்டினார். பிறகு ஆண்டுக்கணக்கில் அவை குறைகின்றன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்து முடித்ததும் கவாத்து செய்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். செடி கிளைத்த கிளையெல்லாம் விட்டுவைத்தால் நன்றாகக் காய்க்காது. மூளையில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புழங்கும் இணைப்பு தங்கும், புழங்காதது கழியும். இன்னொரு பக்கம், நரம்பு இழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. உறை இல்லாத இழையில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் போகும் செய்தி, நல்ல உறை ஏறிய தடித்த இழையில் நூறு மீட்டரைத் தொடும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகளில் இந்த வேலை முதலில் முடிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடவும் அடக்கவும் உதவும் பகுதியில் இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது.

பழக்கத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று வந்திருக்கிறது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. எடைக்கும் விலைக்கும் மனக்கணக்காகவே சரியாகப் பதில் சொன்ன அந்தச் சிறுவர்கள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளிக் கணக்கில் கெட்டியான பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஓரிடத்தில் பிறந்த திறமை இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை, யாராவது கைபிடித்து அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. உழவர் சந்தையில் அப்பாவோடு தராசு பிடிக்கும் பையனைக் கணக்கே வராதவன் என்று வகுப்பில் உட்கார வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் இன்னொரு கதவு திறக்கிறது. ஊஞ்சல் ஒரு முறை போய்வரும் நேரத்தை எது மாற்றும்? கயிற்றின் நீளமா, தொங்கும் எடையா, தள்ளும் வேகமா? சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பார்த்துக் குழம்புவார்கள். பதின்வயதில்தான் மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறை வருகிறது. அப்போதுதான் கயிற்றின் நீளம்தான் காரணம் என்று பிடிபடும். இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு யோசிப்பதும் இந்த வயதில்தான் வலுப்படுகிறது. ஆனால் எல்லாரும் எல்லாத் துறையிலும் இப்படி யோசிப்பதில்லை. 1972இல் பியாஜேயே இதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 வயதுக்குள் அவரவர் நாட்டத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப இது கைகூடும் என்று எழுதினார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் இளைஞனுக்கு ஊஞ்சல் கணக்கு வராமல் போகலாம். பற்றவைப்பு ஏன் விட்டுப்போனது, பொடியாலா சூட்டாலா என்று அவன் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதும் அதே யோசனைதான்.

அக்காவின் மூத்த மகனுக்குப் பதினேழு. நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போகிறேன் என்று வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. ஈரச் சாலையில் பிரேக் எப்படிப் பிடிக்கும், வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும் என்று என்னைவிட நன்றாக விளக்குகிறான். அவன் சொல்வதில் தப்பே இல்லை. இந்தியா உட்பட 11 நாடுகளில் 5,000 பேருக்கு மேல் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறமை 16 வயதை ஒட்டிப் பெரியவர்கள் அளவை எட்டிவிடுகிறது என்கிறது. உணர்ச்சி பொங்கும்போது தன்னைப் பிடித்து நிறுத்தும் பக்குவத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். 2005இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து நன்றாகவே கூடியது, 24 வயது தாண்டியவர்களிடம் அது ஏறக்குறைய மாறவில்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். பின்னால் ஆள் ஏற்றாமல், என்னோடு பகலில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று பஸ்ஸில்தான் இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சேலத்து விளக்குகள் ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குப் போயின. "அண்ணா, சேலம் அந்தப் பக்கம் ஓடிடுச்சு!" என்று சின்னவள் கத்தினாள். ஒன்பது வயதுக்காரன் உள்ளங்கையைப் பஸ் மாதிரி வைத்துத் திருப்பிக் காட்டினான். "சேலம் ஓடல, பஸ்ஸுதான் திரும்புது. எது திரும்புது, சொல்லு?"

"பஸ்ஸு."

"சேலம் ஓடுதா?"

"இல்ல."

அடுத்த வளைவு வந்தது. "அண்ணா, மறுபடியும் ஓடுது, பாரு!"